நாலு மணி மரம்

திங்கக்கெழமை காலைல பதினொண்ணு பத்துக்கு சுகிர்தா அந்த ஒத்த இலைய ஆட்டிவிட்டா, அதோட எல்லாம் கெட்டுச்சு. ஆட்டவே கூடாத இலை அது. ஒசாகாவுல இருந்து வந்த தாள்ல தெளிவா போட்டிருந்துச்சு, இருநூத்திப் பதினாலாவது ஷாட்டுல கை கால் வெச்ச பெரிய மெஷின் ஆடும், மெஷின் கையில இருக்கற ரம்பம் ஆடும், தூசி ஆடும், ரம்பம் போய்த் தொடற வரைக்கும் மரம் ஆடாது. எத்தனையோ நாள் எத்தனையோ மரத்த ஆட்டாம விட்டவதான் அவ. அன்னைக்கு என்னமோ, இம்மாம் பெரிய ரம்பம் எதுக்க வருதே, ஒரு மரத்துல ஒரு இலைக்குக்கூடவா பக்குன்னு இருக்காதுன்னு தோணிருச்சு, தோணுன கையோட ஒம்போதாவது படத்துல, வலது பக்கத்துக் கெளையில, நுனியில இருந்த ஒரே ஒரு இலைய இம்மியளவு சாய்ச்சு வரைஞ்சுட்டா.

அவ பாக்கற வேலை அப்படி. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்துல, பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டற ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில, ஆறு பேரு உக்காந்து ஜப்பான்காரங்க எடுக்கற அனிமேவுக்குப் படம் வரையறாங்க. முழுசா இல்ல, நடுப்படம் மட்டும். கதை அங்க, எந்தக் கலர்னு முடிவு பண்றது அங்க, ஒருத்தன் கையத் தூக்கறான்னா தூக்கறதுக்கு முன்னாடி ஒரு படம், தூக்குனதுக்கு அப்பறம் ஒரு படம், அந்த ரெண்டையும் அங்கயே வரைஞ்சு அனுப்பிருவாங்க, அந்தக் கை கீழ இருந்து மேல போற வழி பூராவும் ஆவாரம்பாளையம். அவங்க அனுப்பற ரெண்டுக்கும் பேரு கீ. கீயில ஒரு புள்ளியக்கூடத் தொடக்கூடாது. எத்தன படம்னு அவங்க சொன்ன கணக்க மாத்தக்கூடாது. நில்லுன்னு சொன்னது நிக்கணும். இந்த மூணும்தான் சட்டம், அதுல மூணாவத சுகிர்தா திங்கக்கெழமை ஒடச்சா.

பதினொண்ணே காலுக்கு டீ வந்தப்ப, ஸ்க்ரீன்ல யாரும் எதையும் ஓட்டாமயே அந்த இலை ஆடிட்டு இருந்துச்சு. அவ டீய வாங்கி ஒரு வாய் குடிச்சா, அதுக்குள்ள பக்கத்து இலை ஆடுச்சு, அதுக்குப் பக்கத்து இலை ஆடுச்சு, கெளை ஆடுச்சு, அப்பறம் மரம் ஸ்க்ரீன்ல இருந்து எறங்குச்சு, பஸ்ஸுல முன்படி வழியா ஒரு பெரிய மனுசி அவசரமில்லாம எறங்கற மாதிரி, மொதல்ல வேர, அப்பறம் அடிமரத்த, அப்பறம் கூந்தல ஒதுக்கிக்கற மாதிரி கெளைகள எல்லாம் ஒண்ணா சேத்துப் புடிச்சுக்கிட்டு. வேரு தரைக்குள்ள போச்சு. தலை கூரைக்கு மேல போச்சு. சுகிர்தா டேபிளுக்கும், அடுத்தாப்புல உக்காந்து கலர் போடற யாசின் டேபிளுக்கும் நடுவுல அடிமரம் நின்னுச்சு.

ஸ்டுடியோ நடத்தற பூபதியண்ணன் நெலக்கடலைய உரிச்சிட்டே வந்து பாத்தாரு.

"இது நம்ம மரமா, ஒசாகா மரமா?"

"ஒசாகா மரந்தானுங்கண்ணா. நான் ஒரு இலைய ஆட்டிட்டேனுங்க."

"ஏன் ஆட்டுன?"

"பாவமா இருந்துச்சுங்க."

அவரு இன்னொரு கடலைய வாயில போட்டாரு. "சேவ் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேனுங்."

"அப்ப சரி. வேரு ஒயர மிதிக்காம பாத்துக்க."

வரைஞ்ச மரம் வரைஞ்ச மாதிரியேதான் இருந்துச்சு. சுத்திக் கருப்புக் கோடு, உள்ள பச்சை ஒண்ணு, நெழல் பச்சை ஒண்ணு, மொத்தமே ரெண்டு பச்சை. முன்னால நின்னா ஊரையே மூடற மரம், பக்கவாட்டுல போய் நின்னா ஒரு மயிரு கனம், இன்னும் கொஞ்சம் நகந்தா மரமே கெடையாது, பின்னால போனா வெள்ளத்தாளு, அதுல மூலையில பென்சில்ல 214-னு எழுதியிருந்துச்சு. இலைக நெஜ இலை மாதிரி கொழகொழன்னு ஆடாது, செகண்டுக்குப் பன்னண்டு வாட்டி டக்கு டக்குன்னு ஆடும். ஆனா இதையெல்லாம் ரோட்டுல இருக்கறவங்க ரெண்டு நாள்ல மறந்துட்டாங்க, அவங்களுக்கு முக்கியமாப்பட்டது வேற. ஒசாகாக்காரங்க அந்த ஷாட்டுக்கு சாயங்காலம் நாலு மணி வெளிச்சம் போடணும்னு கலர் குடுத்திருந்தாங்க. அதனால அந்த மரத்தடியில எப்பவும் நாலு மணி. காலைல எட்டு மணிக்கு வந்து நின்னாலும் நாலு மணி, உச்சி வெயில்ல வந்தாலும் நாலு மணி, நெழல் எல்லாம் நீளமா கெழக்க பாத்துக் கெடக்கும், வெளிச்சம் நாட்டுச் சக்கரை கரைச்ச மாதிரி இருக்கும், காத்து லேசா, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஒரு நிம்மதி நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துக்கும்.

சித்திரை மாசம் அது. ஆவாரம்பாளையத்துல அந்த வெயிலுக்கு நாலு மணி கெடைக்குதுன்னா யாரு விடுவா. கேஸ் சிலிண்டர் போடறவரு வண்டிய ஓரங்கட்டி அஞ்சு நிமிசம் நாலு மணியில உக்காந்துட்டுப் போனாரு. டீக்கடை பெஞ்சு தானா நகந்து மரத்தடிக்கு வந்துச்சு. கல்யாணப் பேச்சுக்கு வந்த ரெண்டு வீட்டுக்காரங்க வீட்டுக்குள்ள ஒத்துக்காதத மரத்தடிக்கு வந்து ஒத்துக்கிட்டாங்க. பசங்க வெள்ளத்தாளுப் பக்கத்துல கிரிக்கெட் ஸ்கோர் எழுதுனாங்க, அது மறுநாள் காலைல தானா அழிஞ்சு சுத்தமா இருந்துச்சு, அது ஒரு வசதி.

சங்கடப்பட்டது ஒருத்திதான். கீழ ஒர்க்‌ஷாப் நடத்தற வசந்தாமணியக்கா. நாப்பது வயசு, பத்துப் பொண்ணுகள வச்சு காயில் கட்டறவ, ஒரு மோட்டாரு ஓடற சத்தத்த வெச்சே எந்தச் சுத்துல தப்பு இருக்குதுன்னு சொல்லிருவா. வேரு அவ சீலிங்க தொளச்சுட்டு எறங்கி, காயில் கட்டற மேசைக்கு மேல தொங்குச்சு. நாலு மணி வெளிச்சமும் கூடவே எறங்குச்சு. பொண்ணுக காலைல வந்து உக்காந்ததுமே நாலு மணி, டீ குடிக்கலாமாக்கான்னு எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க, ஆனா வேலை விடற ஆறு மணி மட்டும் வரவே மாட்டேங்குது.

அவ மாடியேறி வந்தா. "கண்ணு, மரம் இருந்துட்டுப் போகுது. எனக்கு வேலை நிக்கக்கூடாது. அன்னூர்க்காரங்க மோட்டார் கேட்டு நிக்கறாங்க, கெணத்துல தண்ணி இருந்தும் எறைக்க முடியல."

"வேர ஓரமா ஒதுக்கிக் கட்டிக்கலாமுங்கக்கா."

"அதத்தான் ஒருத்தி கட்டிட்டா. மோட்டாருக்குள்ளயே கட்டிட்டா."

நெஜந்தான். வேரோட நுனி கருப்புக் கோடு, காயில் கம்பி கனத்துல மேசை மேல சுருண்டு கெடந்துருக்கு, புதுசா வந்த பொண்ணு கம்பின்னு நெனச்சு ஒரு மோட்டார் முழுக்க அதையே சுத்தி, மூடி, பெயிண்ட் அடிச்சு அனுப்பிட்டா. ரெண்டு நாள் கழிச்சு அன்னூர்க்காரரு திரும்ப வந்தாரு. மோட்டார் ஓடுதுங்க, தண்ணி கொட்டுதுங்க, ஆனா சத்தமே இல்லீங்க, தொட்டுப் பாத்தா சூடும் இல்லீங்க, ஓடுதா நின்னுருச்சான்னு தெரியாம ராத்திரி பூரா தோட்டத்த நெரப்பிட்டேனுங்கன்னாரு. அதே மாதிரி இன்னொண்ணு இருக்குங்களான்னும் கேட்டாரு. வசந்தாமணியக்காவுக்கு அந்தச் சூடு இல்லாத மோட்டார் மனசுக்குள்ளயே ஓடிக்கிட்டு கெடந்துச்சு.

இதுல சுகிர்தாவுக்கு ஒரு கஷ்டம் இருந்துச்சு, அதத்தான் சொல்லணும். இருநூத்திப் பதினாலாவது ஷாட்டு வெள்ளிக்கெழமை நம்மூரு நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு ஒசாகா போய்ச் சேரணும். மொத்தம் நாப்பத்தொம்போது படம், ஒரு படம் ரெண்டு ஃப்ரேம் நிக்கும், ஓட்டிப் பாத்தா நாலே செகண்ட். மொதல் கீயில மரம் நிக்குது, மெஷின் ரம்பத்த தூக்கியிருக்குது. நாப்பத்தொம்போதாவது கீயில மரம் கெடக்குது. நடுவுல நாப்பத்தேழு படம் அவளோடது. இது சுத்தமா வந்துச்சுன்னா, இந்த வாட்டி நடுப்படம் போட்டவங்க பேரையும் கடைசியில ஓடற வரிசையில போடறோம்னு ஒசாகாவுல இவங்க வேலைய வாங்கிப் பாக்கற ஹிசாதா அம்மா எழுதியிருந்தாங்க. சுத்தமா வரலைன்னா அடுத்த பதிமூணு வாரக் கதை வேற ஊருக்குப் போயிரும், ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

பேருன்னா அவளுக்கு சும்மா இல்ல. அவங்கப்பா நாச்சிமுத்து சூலூருல நூல் மில்லுல இருக்காரு. முப்பது வருசமா ரெண்டாம் ஷிப்ட்டு, மூணு மணிக்கு உள்ள போனா பதினொண்ணுக்கு வெளிய. "நான் நூத்த நூலு எந்தச் சட்டையில இருக்குதுன்னு எனக்கே தெரியாது அம்மிணி, அது போகட்டும். நீ படிச்சவ. பேரு போடாத வேலை ஒரு வேலையா"ன்னு ஒரு நாள் சோத்துல கை வெச்சுக்கிட்டே கேட்டாரு, திட்டற மாதிரி இல்ல, வருத்தமா கேட்டாரு, அதனால அது அவளுக்கு இன்னும் உள்ள இருந்துச்சு. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, டிவியில அவ பேரு மேல ஏறிப் போறத அவரு பாக்கணும்.

செவ்வாக்கெழமை காலைல அவ இருவத்திரெண்டாவது படத்த வரைஞ்சா. அதுலதான் ரம்பம் போய் அடிமரத்தத் தொடுது. பேனாவ எடுத்து ஒரு கோடு போட்டா, டேபிளுக்குப் பக்கத்துல நின்ன மரத்துல அதே எடத்துல ஒரு கோடு விழுந்துச்சு. நாலு மணி வெளிச்சம் ஒரு ஒதறு ஒதறுச்சு. கீழ பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் நாலு ஒண்ணு ஆயிருச்சுன்னு எந்திரிச்சாங்க.

யாசின் தன் டேபிள்ல இருந்தே எட்டிப் பாத்தான். "அழிச்சிரு."

அழிச்சா. கோடு போயிருச்சு. மறுபடி நாலு மணி.

"அப்ப நீ நாப்பத்தொம்போது வரைக்கும் வரைஞ்சா, மரம் நம்ம தலையில."

"தலையில விழுந்தாக்கூடப் பரவால்ல, அதுக்குக் கனம் இல்லயே. மரம் போயிருமேடா."

"வரையலைன்னா?"

"நாம போயிருவோம்."

"நல்ல வேளை, மரத்தடியில எப்பவும் நாலு மணி," யாசின் சொன்னான். "லேட்டாகவே ஆகாது. இல்ல, இப்பவே டைம் முடிஞ்சு போச்சு. எப்படி எடுத்துக்கறயோ எடுத்துக்க."

அவ எடுத்துக்கல. செவ்வாக்கெழமை பூரா இருவத்தொண்ணு வரைக்கும் திரும்பத் திரும்ப சுத்தம் பண்ணிக்கிட்டே இருந்தா. எட்டாங்கிளாஸ்ல இருந்து அனிமே பாக்கறவ அவ, இந்த மாதிரிக் கதைக நூறு பாத்திருப்பா. இதுலயும் அதேதான், மலைக்குக் கீழ ஒரு ஊரு, ஊருக்குக் கரண்ட் இல்ல, ஆஸ்பத்திரியில கொழந்தைக இருட்டுல கெடக்குதுக. மலை மேல தாய்மரம், அதோட வேருக்கு அடியிலதான் கரண்ட் எடுக்கற கல்லு. மெஷின ஓட்டற பொண்ணும் நல்லவ, மரத்துக்குள்ள இருக்கற சாமியும் நல்லது, ரெண்டு பேரும் அழுவாங்க, கடைசியில ஒண்ணு மெஷின் துருப்பிடிக்கும், இல்ல காடு எரியும். எது நடந்தாலும் சுகிர்தா தலகாணி நனையும். அழுகறது அவளுக்குப் புடிக்கும், அதெல்லாம் வேற விசயம், ஆனா எரிக்கற பக்கம் அவ உக்காந்ததில்ல, இப்பத்தான் உக்காந்திருக்கா.

புதன்கெழமை மின்வாரியத்துல இருந்து லைன்மேன் தங்கராசு கொக்கியோட வந்தாரு. கெளை லைன்ல உரசுதுன்னு யாரோ போன் பண்ணிட்டாங்க. அவரு ஏணி போட்டு ஏறி, மரத்துக்குப் பக்கவாட்டுல நின்னு கொக்கிய வீசுனாரு, கொக்கி காத்துல போயிட்டு வந்துச்சு. எறங்கி முன்னால வந்து பாத்தாரு, கெளை லைன் மேல தான் கெடந்துச்சு. மறுபடி ஏறுனாரு, மறுபடி ஒண்ணும் இல்ல. மூணு வாட்டி ஏறி எறங்கிட்டு பெஞ்சுல வந்து உக்காந்தாரு.

"வெட்டச் சொல்லி ஆர்டர் இருக்குதுங்," பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்த பூபதியண்ணன்கிட்ட சொன்னாரு. "ஆனா ஏணியில இருந்து பாத்தா வெட்டறதுக்கு மரமே இல்லீங்களே."

"அப்படியே எழுதிருங்."

"எழுதுனா என்னய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்." அவரு டீய ஊதுனாரு. "ஆமா, மணி என்னங்க?"

"நாலு."

"நாலு மணிக்கு அந்த முக்குல இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் ட்ரிப் ஆகோணுமே. சித்திரையில ஒரு நாள் தவறாம ஆகும். சூடு தாங்காது அதுக்கு." அவரு எட்டிப் பாத்தாரு. ரோட்டு முக்குல, மரத்தோட நெழல் எட்டாத எடத்துல, வெயில்ல டிரான்ஸ்ஃபார்மர் உர்ருன்னு நின்னுக்கிட்டு இருந்துச்சு. அங்க மணி ரெண்டரை. சரியா ஒண்ணரை மணி நேரம் கழிச்சு அது டப்புன்னு நின்னுச்சு, ஃபேன் நின்ன வீடெல்லாம் புழுங்குச்சு, மரத்தடியில மட்டும் காத்து இருந்துச்சு.

வியாழக்கெழமை சாயங்காலம் கரண்ட் போன நேரத்துல வசந்தாமணியக்கா மறுபடி மாடியேறி வந்தா. யுபிஎஸ் புண்ணியத்துல சுகிர்தா ஸ்க்ரீன் மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதுல மெஷின் ரம்பத்தோட நின்னுச்சு. அக்கா முந்தானையில வேர்வையத் தொடச்சுட்டே அதப் பாத்தா.

"ஏங்கண்ணு, இது எதுக்கு மரத்த வெட்டுது?"

"ஊருக்குக் கரண்ட் வேணும்ங்கக்கா, ஆஸ்பத்திரியே இருட்டுல கெடக்குது, மலை மேல இந்த மரத்து வேருக்கு அடியிலதான் கரண்ட் எடுக்கற கல்லு இருக்குதுங்க."

"எத்தன எச்.பி. வேணுமாம்?"

பதிமூணு வாரக் கதையில அத யாரும் கேக்கல. "அது சொல்லலீங்க."

"ஒரு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வேணும்னு கூடத் தெரியாம மலைய நோண்டக் கெளம்பிட்டாங்களாக்கும்." அக்கா ஸ்க்ரீன் கிட்ட குனிஞ்சா, மோட்டாரப் பாக்கற மாதிரியே பாத்தா. "இதுக்கு ஃபேன் எங்க?"

"எதுக்குங்க?"

"மெஷினுக்கு. கை இருக்குது, கால் இருக்குது, நெஞ்சுல லைட்டு எரியுது, முடி வெச்ச மாதிரி ரெண்டு கொம்பு வேற. சூடு எப்படி வெளிய போகும்? மோட்டார்ல மேல வரி வரியா வெச்சிருக்கோமே, அது அழகுக்கா? இத வெயில்ல நிறுத்தி மரம் அறுக்கச் சொன்னா, பாதி அறுக்கறதுக்குள்ள உள்ள காயில் கருகிரும். ரம்பத்தக் கீழ வெச்சுட்டு நெழலுக்குத்தான் போகும் அது. போயே ஆகோணும்."

"கதையில அப்படி இல்லீங்கக்கா."

"கதை எழுதுனவங்க ஒரு மோட்டாரயாவது தொட்டிருப்பாங்களா?"

"மரத்தத் தொட்டிருப்பாங்க."

"மரத்தடியில உக்காந்திருந்தா மரத்த மெஷினுக்கு எதிரின்னு எழுதியிருக்க மாட்டாங்க. என்ற காயில பாரு, அந்த வேர உள்ள வெச்சதுல இருந்து சூடே ஆகறதில்ல." அவ நிமுந்தா. "நீ என்னமோ பண்ணு. ஆனா நாளைக்கு மரத்த என்ற கூரை மேல போட்டீன்னா உன்னயும் ஒரு மோட்டாருக்குள்ள வெச்சுக் கட்டிப்புடுவேன்."

அக்கா எறங்கிப் போனதுக்கு அப்பறமும் அவ சொன்னது சுகிர்தா காதுலயே இருந்துச்சு. ரம்பத்தக் கீழ வெச்சுட்டு நெழலுக்குப் போகும். அவ கடைசிக் கீயத் தெறந்தா. நாலு நாளா அதப் பாத்துக்கிட்டேதான் இருந்தா, ஆனா வெட்டுப்பட்ட மரம்னு நெனச்சே பாத்துக்கிட்டு இருந்தா. இப்ப நெனப்ப ஓரமா வெச்சுட்டு, என்ன வரைஞ்சிருக்கோ அத மட்டும் பாத்தா. மரம் குறுக்க கெடக்குது. அதோட தலை மெஷின் மேல கெடக்குது. மெஷின் ரம்பத்தத் தரையில வெச்சிருக்குது, தலையக் குனிஞ்சிருக்குது. அடிமரம் எங்க முடியுதோ அங்க பெரிய தூசி. தூசிக்குப் பின்னால மரம் அறுபட்டுக் கெடக்குதா, வேரோட இருக்குதான்னு ஒசாகாவுல யாரும் வரையல. வரையத் தேவையில்லைன்னு நெனச்சிருப்பாங்க. நிக்கற மரத்துக்கும் கெடக்கற மரத்துக்கும் நடுவுல ஒரே வழிதான் இருக்குதுன்னு நெனச்சிருப்பாங்க.

"யாசின்," அவ கூப்பிட்டா. "மனுசன் நிக்கற படம் ஒண்ணு, படுத்திருக்கற படம் ஒண்ணு குடுத்தா, நடுவுல நீ அவன வெட்டித்தான் போடுவியா?"

"தூக்கம் வந்து படுத்தான்னு போடலாம்."

"அவ்வளவுதான்."

கீயத் தொடல. நாப்பத்தொம்போத மாத்தல. அந்த ரெண்டு சட்டத்தையும் அவ நெஞ்சுல கை வெச்சு சொல்லலாம்.

பூபதியண்ணன்கிட்ட சொன்னா, அவரு கடலையக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு, அவரு கடலையக் கீழ வெச்சத அன்னைக்குத்தான் எல்லாரும் பாத்தாங்க. "எந்தப் பக்கமா படுக்கும்?"

"ரோட்டோட, முக்கு வரைக்கும் வருமுங்கண்ணா."

அவரு எறங்கிப் போய் ரோட்டுல ஒவ்வொரு வீடா சொன்னாரு, நாளைக்கு மத்தியானம் மரம் படுக்குதுங்க, மாடிய ஒழிச்சுக் குடுங்கன்னு. யாரும் ஏன்னு கேக்கல. வெள்ளிக்கெழமை காலைல ரோடு பூரா மாடியில காயவெச்ச மொளகாய அள்ளுனாங்க, துணிய எடுத்தாங்க, டிஷ் ஆன்டெனாவத் திருப்பி வெச்சாங்க, ஒரு வீட்டுல புறாக்கூட்ட எறக்கி வெச்சாங்க, இன்னொரு வீட்டுக்காரம்மா மரம் படுக்கற எடம்னு மாடியக் கூட்டித் தண்ணி தெளிச்சு விட்டாங்க. தங்கராசு தானா வந்து, ஆபீஸ்ல என்ன சொல்லிட்டு வந்தாரோ தெரியல, மரத்தோட தலை முக்குக்கு வர்ற கடைசிக் கால் மணி நேரத்துக்கு லைன ஆஃப் பண்றதா சொல்லிட்டு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ நின்னாரு.

சுகிர்தா வரைஞ்சா. இருவத்திரெண்டு, ரம்பம் கிட்ட வருது, தொடல, ஏன்னா மெஷின் கை லேசா எறங்குது, வெயில்ல நின்னவனுக்குக் கை எறங்குமே அப்படி. இருவத்தஞ்சு, நெஞ்சுல இருக்கற லைட்டு மங்குது. இருவத்தெட்டு, மரம் அதப் பாக்குது. மரம் பாக்கறத எப்படி வரையறதுன்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரல, எல்லா இலையையும் ஒரு பக்கமா திருப்புனா, பாத்துச்சு. முப்பது, முப்பத்தொண்ணு, அடிமரம் வளையுது. வெளிய, கூரைக்கு மேல, நெஜ மரமும் வளைஞ்சுச்சு, படம் படமா, ஒரு படம் போட ஆறு நிமிசம் ஆச்சுன்னா ஆறு நிமிசம் அப்படியே நின்னு அடுத்ததுக்குக் காத்திருந்துச்சு, கீழ ரோட்டுல நூறு பேரு அண்ணாந்து பாத்துக்கிட்டு அதோட சேந்து காத்திருந்தாங்க. கீழ இருந்து வசந்தாமணியக்கா ஒவ்வொரு வாட்டியும் கத்துனா, "என்ற கூரை, கூரை," அப்பறம் "சரி போ, தாண்டிருச்சு."

நாப்பத்தெட்டாவது படத்துல மரம் முழங்கைய ஊனி சாயறவ மாதிரி, வேர விடாம, ரோட்டு நீளத்துக்கும் மாடி மேல மாடியா படுத்து, முக்குல நின்ன டிரான்ஸ்ஃபார்மர் மேல தலைய வெச்சுச்சு. நாலு மணி வெளிச்சம் ரோடு பூரா பாய விரிச்ச மாதிரி உருண்டு போய் விழுந்துச்சு. தங்கராசு லைன ஆன் பண்ணாரு. டிரான்ஸ்ஃபார்மர் உர்ருங்கல. அது ஓடுதா ஓடலையான்னே தெரியல, ஃபேன் எல்லாம் சுத்துனதுல இருந்துதான் தெரிஞ்சுச்சு. அன்னைக்கு அது ட்ரிப் ஆகல. அதுக்கப்பறம் எந்தச் சித்திரைக்கும் ஆகல.

"இப்ப நெஜமாவே நாலு மணி," யாசின் சொன்னான். "அனுப்பு."

அனுப்புனா.

சனிக்கெழமை பதில் இல்ல. ஞாயித்துக்கெழமை இல்ல. திங்கக்கெழமை பதினொண்ணு பத்துக்கு ஹிசாதா அம்மாகிட்ட இருந்து வந்துச்சு, சின்னக் கடிதாசி. கீ மாறல, பாத்தோம். எண்ணிக்கை மாறல, எண்ணுனோம். நாங்க எழுதுன கதையில மரம் செத்துப்போகணும், அடுத்த நாலு வாரமும் அது செத்ததா வெச்சுத்தான் எழுதியிருந்தோம், இப்ப எல்லாத்தையும் மாத்தி எழுதறோம், அதுக்கு உங்க மேல கோவப்படணும்னு டைரக்டர் கூட்டம் போட்டாரு. கூட்டத்துல உங்க ஷாட்ட ஓட்டுனோம். காலைல ஒம்போது மணி, மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஓடுன நாலு செகண்டுக்கு எங்க டேபிள் மேல சாயங்கால வெயில் விழுந்துச்சு. யாரும் கோவப்படல. ஒம்போதாவது படத்துல ஒரு இலை ஆடுது. அது அப்படியே இருக்கட்டும்.

அந்த வாரம் ஒளிபரப்பு ஆனது ஒரு ஞாயித்துக்கெழமை காலைல பத்து மணிக்கு. சூலூருல நாச்சிமுத்து குளிச்சு, துவைச்ச சட்டை போட்டு, டிவிக்கு முன்னால சேர இழுத்துப் போட்டு உக்காந்தாரு, மவ பேரு வரும்போது கண்ணு மங்கிரக்கூடாதுன்னு கண்ணாடிய வேட்டி நுனியில ரெண்டு வாட்டி தொடச்சாரு. சுகிர்தா பக்கத்துல தரையில உக்காந்து, கதை முடிஞ்சதும் கடைசியா வருமுங்கப்பா, வேகமா போகும், ஜப்பான் எழுத்துல இருக்கும், பதினோராவது வரி, நான் தொட்டுக் காட்டறேன்னு நாலு வாட்டி சொல்லி வெச்சா.

இருநூத்திப் பதினாலு வந்துச்சு. ரம்பம் வந்துச்சு. இலை ஆடுச்சு. மரம் பாத்துச்சு, வளைஞ்சுச்சு, படுத்துச்சு. நாலு செகண்டுக்கு அந்த வீட்டு ஹால்ல, செவப்பு ஆக்ஸைடு தரையில, நாச்சிமுத்து காலுக்குக் கீழ, சாயங்காலம் நாலு மணி வெயில் நீளமா விழுந்துச்சு, சேரோட நெழல் சுவரு வரைக்கும் போச்சு, வாசல்ல கட்டுன கன்னுக்குட்டி பால் நேரம்னு கத்துச்சு.

அப்பறம் கதை முடிஞ்சு, பேருக ஏற ஆரம்பிச்சுச்சு. பதினோராவது வரி வந்துச்சு, சுகிர்தா எந்திரிச்சு விரல வெச்சா, "அப்பா, இது," அதுக்குள்ள அது மேல போயிருச்சு. திரும்பிப் பாத்தா அவரு டிவியவே பாக்கல. தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு, வெயில் விழுந்திருந்த எடத்த.

"பேரு போயிருச்சுங்கப்பா."

"போச்சா?" அவரு நிமுரல. "இப்பத்தான் அம்மிணி பாக்கறேன். முப்பது வருசமா நாலு மணின்னா மில்லுக்குள்ள இருந்தேன், லீவு நாள்ல தூங்கிப் போயிருவேன். நம்ம வீட்டுல நாலு மணிக்கு இப்படித்தான் இருக்குமா?"

"ஆமாங்கப்பா. இப்படித்தான் இருக்கும்."

"இது நீ போட்டதா?"

"நடுவுல மட்டுமுங்கப்பா."

"சரி," அவரு சொன்னாரு. மறுபடி, "சரி"ன்னாரு. கண்ணாடியக் கழட்டி மூணாவது வாட்டி தொடச்சாரு. பேரு போனது அவளுக்கு இப்ப பெருசாத் தோணல. அடுத்த வாரத்துல இருந்து மில்லுல கேட்டு மொதல் ஷிப்ட்டுக்கு மாத்திக்கிட்டாரு, இப்பெல்லாம் மூணு மணிக்கு வெளிய வந்து, ஆவாரம்பாளையத்துக்கு பஸ் ஏறி, படுத்திருக்கற மரத்துக்கு அடியில டீக்கடை பெஞ்சுல உக்காந்து, அங்க இருக்கற நாலு மணியையும் வெளிய வர்ற நாலு மணியையும் ஒண்ணா வெச்சுப் பாத்துட்டு, மவ வேலை முடிஞ்சு எறங்கி வந்ததும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறாரு.

அந்த ஷாட்டு எத்தனையோ ஊர்ல ஓடுச்சு, இன்னும் ஓடுது. ஈரோட்டுல ஒருத்தங்க வீட்டுல காலைல ஏழு மணிக்கு ஓட்டுனப்ப பூனை எந்திரிச்சுப் போயி பால் தட்டுக்கிட்ட உக்காந்துச்சாம். மஸ்கட்டுல ஒரு ரூம்ல எட்டுப் பேரு பாத்துட்டு இருந்தவங்க, எட்டுப் பேரும் ஒண்ணா டீ போடறதுக்கு எந்திரிச்சாங்களாம். நீங்களும் பாத்திருப்பீங்க. மரம் படுக்கும்போது உங்க வீட்டுத் தரையிலயும் விழுந்துச்சா அந்த வெயிலு, நாலே நாலு செகண்டு, எந்தப் பக்கமா விழுந்துச்சு, நீங்க அப்ப டிவியப் பாத்தீங்களா, தரையப் பாத்தீங்களா?